கோழி வளர்த்தவருக்கும் நிவாரணம் வேண்டும்: கால்நடை பராமரிப்புத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு, பால்வளம், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் மாவட்டத்தில் குண்டடம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் கறிக்கோழி வளர்க்கிறோம். இரண்டு ஷெட், ஷெட்டுக்கு 5,000 கோழி. கோழி எங்களுடையது இல்லை, ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி இறக்கிவிடும். ஷெட், தண்ணீர், கரண்ட், தரையில் பரப்புகிற தேங்காய் நார்த்தூள், குஞ்சுக்குச் சூடு காட்டுகிற விறகுக்கரி, ஆள் கூலி எல்லாம் எங்கள் கையிலிருந்து. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கொரோனா காலத்தில் விவசாயிகளுக்கு என்று அரசு கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட ஒப்பந்தக் கோழிப்பண்ணையாளர் என்ற பெயரில் யாருக்கும் வந்ததாக எங்கள் வட்டாரத்தில் நான் கேள்விப்படவில்லை. அவசரத்தில் எங்களை மறந்துவிட்டார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு திட்டத்தின் விதிகளையும் ஆள் வைத்துப் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, விதிகள் எழுதப்பட்ட விதத்திலேயே நாங்கள் வெளியே நிற்கிறோம். இன்னொரு நோயோ முடக்கமோ வந்தால் அதே விதிகள்தான் மறுபடியும் எடுக்கப்படும். அதற்கு முன்னால் அவற்றை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொரோனா 2020 மார்ச் 24-ம் தேதி இரவு ஊரடங்கு அறிவித்தபோது வரவில்லை. பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. ஒன்றிய கால்நடைத் துறை அமைச்சராக இருந்த கிரிராஜ் சிங் அதை மறுத்தார். ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையில் நின்று பொதுமக்கள் முன்னால் கோழிக்கறி தின்று காட்டினார்கள். ஆனாலும் வதந்திதான் முந்திக்கொண்டது. ஒரு கிலோ உயிர்க்கோழி உற்பத்தி செய்ய எழுபது, எண்பது ரூபாய் ஆகிற இடத்தில் பண்ணை விலை பாதிக்கும் கீழே இறங்கியது. மார்ச்சில் கர்நாடகாவில் பெலகாவி மாவட்டத்தில் ஒரு பண்ணையாளர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் குழி தோண்டி உயிரோடு புதைத்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அதை ஒரு தடவைதான் பார்த்தேன். மறுபடி பார்க்க முடியவில்லை.

எங்கள் ஷெட்டில் அப்போது பிப்ரவரி 3-ம் தேதி விட்ட குஞ்சுகள் இருந்தன. மார்ச் 14 வாக்கில் கோழி எடுக்க வண்டி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சூப்பர்வைசர் தம்பி தினமும் போன் போட்டு, "அக்கா, நாளைக்கு, நாளைக்கு" என்றான். அவனும் என்ன செய்வான், அவனுக்கு மேலே இருப்பவர்கள் சொன்னதைத்தான் சொன்னான். வாங்க ஆள் இல்லாத கோழியைக் கம்பெனி ஏன் எடுக்கும்? எங்கள் ஷெட்டிலேயே இருந்தால் இடத்துக்கு வாடகை இல்லை, பார்த்துக்கொள்ளச் சம்பளம் இல்லை. தீவனத்தை மட்டும் பாதியாகக் குறைத்தார்கள்.

நாற்பது நாள் கோழி வேறு, ஐம்பது நாள் கோழி வேறு. ஷெட்டில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே இடம் இருக்கும். இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டால் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டுதான் நிற்கும். மார்ச் கடைசி வெயில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷெட்டுக்குள் போனால் பத்தாயிரம் கோழியும் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும். மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக இருக்கும் அந்தச் சத்தம். கூரை மேல் தண்ணீர் தெளித்தோம். சாக்கை நனைத்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டோம். வீட்டு விசிறி இரண்டையும் கழற்றிக்கொண்டு போய் மாட்டினோம். மாலையில் செத்த கோழிகளைப் பக்கெட்டில் பொறுக்கி எடுத்து எண்ணுவது என் வேலை. ஒரு நாள் 40, ஒரு நாள் 65. ஏப்ரல் 2-ம் தேதி வண்டி வரும்போது கோழிக்கு 59 நாள். அதற்குள் 1,150 கோழி செத்திருந்தன.

இனி கணக்குச் சீட்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. வளர்ப்புக் கூலி என்பது நிலையான தொகை இல்லை. ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம் போனது, எத்தனை கோழி செத்தது என்று பார்த்து, கம்பெனி வைத்திருக்கிற அளவைவிடச் செலவு கூடினால் கூலியில் பிடிப்பார்கள். வளர்ந்து முடிந்த கோழியை மேலும் பத்தொன்பது நாள் வைத்திருந்தால் தீவனக் கணக்கு கெட்டுத்தான் போகும். வெயிலில் நெருக்கி வைத்தால் கோழி சாகத்தான் செய்யும். எங்களுக்குக் கிலோவுக்கு ஆறரை ரூபாய் வர வேண்டும். மூன்றே கால் ரூபாய் போட்டிருந்தார்கள். இருபதாயிரம் கிலோ கோழி ஏற்றிவிட்டதற்குக் கையில் வந்தது 65,000 ரூபாய். கரண்ட், நார்த்தூள், கரி, இரண்டு ஆள் கூலி போக மிஞ்சியது ஒரு மாதத் தவணைக்கும் பற்றவில்லை. இரண்டாவது ஷெட் போட 2017-ல் பதினோரு லட்சம் கடன் வாங்கியிருந்தோம், மாதம் 19,400 ரூபாய் தவணை.

அதற்கப்புறம் ஷெட் காலி. ஏப்ரல், மே, ஜூன் 20 வரை ஒரு குஞ்சு இறக்கவில்லை. கிட்டத்தட்ட எண்பது நாள். இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்ச்சில் யாரும் குஞ்சு விடாததால் மே மாதம் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து விலை விறுவிறுவென்று ஏறியது. வதந்தியும் அடங்கியிருந்தது. அந்த ஏற்றத்தில் கோழி வைத்திருந்தவர்கள் கொஞ்சமாவது எழுந்து நின்றார்கள். எங்களிடம் கூட்டிச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்த வெறும் ஷெட்தான் இருந்தது. விலை ஏறினாலும் எங்கள் கூலி ஏறாது, அது ஒப்பந்தம். விலை இறங்கினால் கூலி இறங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை, ஆனால் இறங்கியது.

இப்போது அரசு கொடுத்தவற்றைப் பார்ப்போம்.

மார்ச் 26-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த தொகுப்பில் விவசாயிகளுக்கு என்று இருந்தது பிஎம் கிசான் தவணை. 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் 2,000 ரூபாய் போடுவதாகச் சொன்னார்கள், போட்டார்கள். அது கொரோனாவுக்கான புதுப் பணம் இல்லை. 2019 பிப்ரவரியிலிருந்து வருஷம் 6,000 ரூபாய் என்று ஏற்கெனவே இருந்த திட்டத்தின் தவணையைத்தான் முன்னால் கொடுத்தார்கள். அதுவும் கைக்கு உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு வந்தது. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு. ஷெட் நிற்கிற நிலமும் பக்கத்துத் தென்னந்தோப்பும் அவர் பேரில் இருக்கின்றன. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பேரில் சாகுபடி நிலம் இருந்ததோ அவர்களுக்குத்தான் அந்தப் பணம். குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை, நிலமில்லாமல் ஆடு மேய்ப்பவருக்கு இல்லை, கோழி வளர்ப்பவருக்கு இல்லை. எழுபத்திரண்டு வயதான அத்தை அந்த இரண்டாயிரத்தை அப்படியே எடுத்து வந்து, "கரண்ட் பில்லுக்கு வச்சுக்கோ கண்ணு" என்று என் கையில் கொடுத்தார். அந்த மாதம் பண்ணைக்கு வந்த ஒரே உதவி அதுதான்.

கால்நடை வளர்ப்புக்கு என்று ஜூன் 24-ம் தேதி ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 15,000 கோடி ரூபாய் உள்கட்டமைப்பு நிதி. பெரிய தொகை. ஆனால் அது பால் பதப்படுத்தவும் இறைச்சி பதப்படுத்தவும் தீவன ஆலை கட்டவும் கொடுக்கிற கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். பத்தாயிரம் கோழி ஷெட்டை வைத்துக்கொண்டு தவணை கட்ட வழி தெரியாமல் நிற்கிறவருக்கு இன்னொரு கடன் எதற்கு? ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளி வைக்கலாம் என்றது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. நாங்களும் தள்ளி வைத்தோம். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கடன் முடிய வேண்டிய மாதம் தள்ளிப்போனதுதான் மிச்சம். மாநில அரசு ரேஷன் கார்டுக்கு 2020-ல் 1,000 ரூபாயும் 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தது. எங்களுக்கும் வந்தது, நன்றியோடு வாங்கிக்கொண்டோம். அது எல்லாக் குடும்பத்துக்கும் அடுப்பு எரிய வேண்டும் என்று கொடுத்தது. தொழிலில் போன வருமானத்துக்கு அதில் பதில் இல்லை.

அந்த மே மாதம் நானும் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரும் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். முகக்கவசம் போட்டுக்கொண்டு கயிறு கட்டிய வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினோம். உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு, "கோழி உங்களுது இல்லையேம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் இருந்தது. நிலத்துக்கு நிவாரணம் என்றால் பட்டா யார் பேரில் என்று கேட்கிறார்கள். கோழிக்கு நிவாரணம் என்றால் கோழி யாருடையது என்று கேட்கிறார்கள். வாசலில் நின்ற எங்கள் இருவருக்கும் தவணை பாக்கி இருந்தது, ஷெட் காலியாக இருந்தது. அதைப் பற்றிக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

செயலர் அவர்களே, இதே கேள்வி அமெரிக்காவிலும் வந்தது. அங்கே அதற்கு ஒரு பதிலும் கிடைத்தது. மேரிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் அதைப் படித்துச் சொன்னான். பிறகு நானே அந்த விதிகளை மொழிபெயர்த்துப் படித்தேன்.

அமெரிக்காவிலும் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறைதான், தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, ஷெட்டும் கடனும் குடும்பத்துடையது. எங்கள் உடுமலை, பல்லடம் பக்கம் 1990-களில் பரவிய முறையும் இதேதான். 2020 ஏப்ரலில் இறைச்சி ஆலைகளில் தொழிலாளர்களுக்கு நோய் பரவி வேலை நின்றபோது, டெலாவேரிலும் மேரிலாந்திலும் மட்டும் ஒரு கம்பெனியின் கோழிகள் சுமார் 20 லட்சம் வெட்ட ஆளில்லாமல் பண்ணையிலேயே கொல்லப்பட்டன. அந்த ஏப்ரல் 17 அன்று அமெரிக்க வேளாண் துறை 1,900 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது. அதில் 1,600 கோடி நேராக விவசாயிகளுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும். மீதி, விளைந்ததை வாங்கி ஏழைகளுக்குப் பெட்டியில் போட்டுக் கொடுக்க. மாடு, பன்றி, ஆடு, பால் எல்லாம் பட்டியலில் இருந்தன. கறிக்கோழி இல்லை. செப்டம்பரில் 1,400 கோடி டாலர் வரை என்று இரண்டாம் சுற்று வந்தது. அதில் கறிக்கோழியைச் சேர்த்தார்கள், ஆனால் கோழிக்குச் சொந்தக்காரருக்குத்தான் பணம். ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்குக் கிடையாது. "கோழி உங்களுது இல்லையேம்மா" என்று எனக்குச் சொன்ன அதே பதில் அங்கேயும்.

ஆனால் அங்கே அது அத்தோடு முடியவில்லை. வளர்ப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான நிதிச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் கோழியும் பன்றியும் வளர்ப்பவர்களின் வருமான இழப்புக்கு என்று 100 கோடி டாலர் வரை தனியாக எழுதினார்கள். கணக்கு போட்ட முறை ரொம்ப எளிமை. 2018-லோ 2019-லோ ஜனவரி 1 முதல் டிசம்பர் 27 வரை உங்கள் ஒப்பந்த வருமானம் எவ்வளவு? 2020-ல் அதே நாட்களில் எவ்வளவு? குறைந்த தொகையில் 80 சதவீதம் வரை அரசு கொடுக்கும். கோழி யாருடையது என்ற கேள்வியே அதில் இல்லை. வருமானம் யாருக்குப் போனது என்று மட்டும் பார்த்தார்கள்.

அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. சட்டம் டிசம்பரில் வந்தும், ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்கான இறுதி விதிகளை வேளாண் துறை அறிவிக்க 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது. எட்டு மாதம் என்பது தவணை கட்டுகிறவருக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். உற்பத்தி அளவை வைத்துப் பணம் கொடுத்ததால் பெரிய பண்ணைகளுக்கே பெரிய தொகை போனது. ஒரு ஆளுக்கு உச்சவரம்பே 2,50,000 டாலர். அந்தத் தவறுகளை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருமானம் எவ்வளவு குறைந்தது என்று கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். போலிப் பயனாளிகள் நுழைந்துவிடுவார்கள் என்பார்கள். 2020 ஆகஸ்டில் நம் மாநிலத்திலேயே பிஎம் கிசானில் அது நடந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பேர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போய், அதைத் திரும்ப வசூலிக்க வேண்டி வந்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் நான் அழுதேன் என்றால் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். நிலமே இல்லாதவர்கள் பேரில் எல்லாம் பணம் போயிருக்கிறது, இரண்டு ஷெட்டோடு நிற்கிற எனக்கு விண்ணப்பம் கொடுக்கவே இடம் இல்லை.

ஆனால் ஒப்பந்தப் பண்ணையில் போலி நுழைவது சுலபம் இல்லை. எங்கள் தொழிலைப் போலத் தாளில் பதிவாகிற விவசாயம் வேறு இல்லை என்றே சொல்வேன். குஞ்சு இறக்கும்போது எண்ணிக்கையோடு ரசீது. தீவன மூட்டை ஒவ்வொரு லோடுக்கும் ரசீது. தினசரி இறப்பு, தீவனம் எழுதிய அட்டை ஷெட் வாசலிலேயே தொங்கும். கோழி ஏற்றும்போது பெட்டி பெட்டியாக எடைச் சீட்டு. கடைசியில் கணக்குச் சீட்டு, அதன்படி வங்கியில் பணம். ஷெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது, இருநூற்றைம்பது அடி நீளம் இருக்கிறது. ஒரு கால்நடை ஆய்வாளர் ஊருக்கு வந்து ஒரு நாள் சுற்றினால் எத்தனை ஷெட், எத்தனை கோழி, யார் வளர்க்கிறார்கள் என்று எழுதிவிடலாம்.

இன்னொரு பதிலும் வரும். இது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம், அரசு என்ன செய்யும் என்று. நியாயமான கேள்விதான். கம்பெனி தன் நஷ்டத்தை வளர்ப்புக் கூலியில் இறக்கி வைப்பதைத் தடுக்க வேண்டியதும் அரசுதானே? ஒப்பந்தப் பண்ணையத்துக்கு என்று தனிச் சட்டமே போட்ட மாநிலம் நம்முடையது. 2019-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கால்நடை என்ற சொல் இருக்கிறது. ஒப்பந்தத்தை அரசு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதில் உண்டு. கொரோனா வந்தபோது அதற்குச் சில மாதம்தான் வயது. இன்று வரை எங்கள் ஒப்பந்தம் எங்கும் பதிவாகவில்லை. கையெழுத்து போட்ட தாளின் நகல்கூட எங்களிடம் கிடையாது. எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்களில் நான் கேட்ட பதினாலு பேரில் ஒருவரிடம் மட்டும் நகல் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

ஆகவே நான் கேட்பது இவைதான். முதலில் எங்களைக் கணக்கில் எடுங்கள். கால்நடைக் கணக்கெடுப்பில் கோழியை எண்ணுகிறீர்கள், அதை வளர்ப்பவரையும் எண்ணுங்கள். ஷெட் யாருடையது, பரப்பு எவ்வளவு, வேலை பார்ப்பது யார், கடன் யார் பேரில் என்று ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். அதில் வளர்ப்பவர் பேரோடு வேலை பார்க்கிற பெண்ணின் பேரும் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் பாதி ஷெட்டில் காலை ஐந்து மணிக்குத் தீவனம் போடுவது பெண்கள், ஒப்பந்தம் ஆண்கள் பேரில். அப்புறம், நோய் அல்லது ஊரடங்கு போன்ற காரணத்தால் ஷெட் குறிப்பிட்ட நாளுக்கு மேல் காலியாக நின்றாலோ, எடுக்க வேண்டிய நாளில் கோழியை எடுக்காமல் விட்டாலோ, முந்தைய வருஷத்துக் கணக்குச் சீட்டோடு ஒப்பிட்டு இழந்த கூலியில் ஒரு பங்கைக் கொடுக்கும் விதியை இப்போதே எழுதி வையுங்கள். பத்தாயிரம், இருபதாயிரம் கோழிக்கு உட்பட்ட பண்ணைகளுக்கு முதலில் கொடுங்கள், பெரிய பண்ணைகள் காத்திருக்க முடியும். கம்பெனி தாமதித்த நாட்களுக்கான தீவனத்தையும் இறப்பையும் கூலியில் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் ஒரு உத்தரவு போட்டால், அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல் எங்கள் நஷ்டத்தில் பாதி குறையும்.

பறவைக் காய்ச்சலுக்கும் இது பொருந்தும். நோய் வந்து அரசே கோழியைக் கொன்றால் கொன்ற கோழிக்கு இழப்பீடு உண்டு, அது கோழிக்குச் சொந்தக்காரருக்கு. அதற்கப்புறம் ஷெட் மாதக்கணக்கில் காலியாக நிற்குமே, அது யார் கணக்கு? 2021 ஜனவரியில் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் என்ற செய்தி வந்ததும் கேரளாவுக்குப் போகிற வண்டி குறைந்து, நோயே வராத எங்கள் பக்கமும் குஞ்சு இறக்குவதைத் தள்ளிப் போட்டார்கள். எங்களுக்கு அந்தத் தடவை இருபத்தெட்டு நாள் போனது.

கோழியைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தோப்பில் வருஷா வருஷம் கிடை போட வரும் ஆட்டுக்காரர் குடும்பம் அந்த ஏப்ரலில் இங்கேயே மாட்டிக்கொண்டது. முந்நூறு ஆடு, ஐந்து பேர். நகர விடவில்லை, சந்தை இல்லை, அவர்கள் ரேஷன் கார்டு ராமநாதபுரத்தில். ஆடு அவர்களுடையதுதான், முழுக்க முழுக்கச் சொந்தம். ஆனாலும் நிலம் இல்லாததால் அவர்களுக்கும் விவசாயி என்ற பெயரில் எதுவும் வரவில்லை. எங்கள் காலி ஷெட்டின் நிழலில்தான் குட்டிகளைக் கட்டியிருந்தார்கள். பதிவேடு என்று நான் கேட்பதில் அவர்களும் இருக்க வேண்டும். மேய்ச்சலுக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் போகிற இடத்தில் நிவாரணம் கிடைக்கும்படி எழுத வேண்டும்.

எங்கள் நிலைமை இப்போது பரவாயில்லை. கடன் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. போன வாரம் குஞ்சு இறக்கினோம், இன்று எட்டாம் நாள். இரவில் இரண்டு தடவை எழுந்து போய்ச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதி முடித்தேன்.

இந்த மடலோடு 2019, 2020 இரண்டு வருஷத்துக் கணக்குச் சீட்டுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன். கம்பெனி பெயரை மறைத்திருக்கிறேன், எண்கள் அப்படியே இருக்கின்றன. 2019-ல் ஆறு தடவை குஞ்சு இறங்கியது, 2020-ல் நான்கு தடவை. உங்கள் அலுவலகத்தில் யாரையாவது விட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேரில் வந்து விளக்கச் சொன்னாலும் வருகிறேன். கோழி ஏற்றிய பிறகு ஒரு வாரம் ஷெட் காலியாக இருக்கும், அந்த வாரத்தில் எந்த நாளானாலும் சென்னைக்கு வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்,
குண்டடம் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.